உள்ளங்கையில் ஒப்பம்

“காத்து வரட்டும், காத்து வரட்டும்! பொண்ணுக்கு வேர்த்தா மெஹந்தி பிடிக்காது” என்று சொல்லிச் சொல்லியே மாமி, சாச்சி, மச்சி என்று அறைக்குள் நிற்கும் அத்தனை பேரையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார் மருதாணி போட வந்த ஸுலைஹா. கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்துகிறார். கையோடு மின்விசிறியையும் நிறுத்துகிறார். காற்றாவது ஒன்றாவது! பழைய பேப்பர் ஒன்றை மணப்பெண்ணின் மடியில் விரித்து, பேனையைக் கையில் கொடுத்து, “இதில உங்கட ஒப்பத்த வைங்க புள்ள” என்கிறார்.

அநேகமான பெண்கள் முழிப்பார்கள். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனைக்குப் பிறகு எங்குமே ஒப்பம் வைக்காதவர்கள் உண்டு. ஒருத்திக்கு ஒப்பம் என்று ஒன்றே இருக்கவில்லை. பெயரைக் குண்டு குண்டாக எழுதத்தான் தெரியும். ஸுலைஹா அவளோடு உட்கார்ந்து, ஒரு வளைவு, ஒரு சுழி என்று சேர்த்து நல்ல ஒப்பமாக ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார். இப்போது அவள் வங்கியிலும் அதைத்தான் வைக்கிறாளாம்.

ஸுலைஹா இருக்கும் தில்லையடியில் மருதாணி போடுகிறவர்கள் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். எல்லோரும் மாப்பிள்ளையின் பெயரைப் பூவுக்குள்ளும் இலைக்குள்ளும் ஒளித்து எழுதுவார்கள். மாப்பிள்ளை அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், அது ஒரு விளையாட்டு. ஸுலைஹாவும் அதை மறுப்பதில்லை. இடது கையில் எழுதிவிடுவார். வலது உள்ளங்கையின் நடுவில் மட்டும் மணப்பெண்ணின் ஒப்பம் வரும். கையை மூடினால் யாருக்கும் தெரியாது.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முஸ்லிம் திருமணப் பதிவில் மாப்பிள்ளை ஒப்பம் வைப்பார். பெண்ணுக்காக அவளுடைய வலி, அதாவது தகப்பனோ சகோதரனோ, வைப்பார். சாட்சிகளும் வைப்பார்கள். கலியாணம் செய்யும் பெண் ஒப்பம் வைக்க அதில் இடமில்லை. தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்ணும் ஸுலைஹாவின் சிநேகிதியுமான நான் கோயில் புத்தகத்தில் பெரிதாக ஒப்பம் வைத்தவள்தான். வைத்து என்னத்தைக் கிழித்தேன் என்பது வேறு கதை. ஆனாலும் வைத்தேன்.

“என்ட காவின், கலியாணப் பதிவு எழுதக்குள்ள நான் உள்ளறையில இருந்தன் அக்கா. மைக்கில என்ட பேர் கேட்டிச்சு. அவ்வளவுதான், கலியாணம் முடிஞ்சிட்டு” என்று சிரிப்பார் ஸுலைஹா. யுத்த காலத்தில் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு, சிறுபிள்ளையாக வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, அகதி முகாமில் வளர்ந்து, பதினாறில் கலியாணம் கட்டியவர். கணவர் தங்கமான மனிதர். அதைச் சொல்லி யாராவது வாயடைக்கப் பார்த்தால் சுருக்கென்று கோபம் வரும். “நல்ல மனுசன் கிடைச்சது என்ட அதிர்ஷ்டம். எல்லாப் புள்ளைகளையும் அதிர்ஷ்டத்துக்கு விட ஏலுமா?”

மருதாணி இரண்டு கிழமையில் அழிந்துவிடும். அதுதான் அவருக்கு ஆற்றாமை. திருமண வீடுகளில் படம் பிடிக்கும் என் தம்பி மகள் டெனிஷாதான், சமூக மாற்றத்துக்காக உழைக்கும் பெண் கலைஞர்களுக்கு உதவும் நிதியம் ஒன்று கொழும்பில் இருப்பதாகச் சொன்னாள். முகம் தெரியாமல் உள்ளங்கைகளை மட்டும் படம் பிடித்துப் பெரிதாகக் காட்சிக்கு வைக்கலாம் என்று யோசனை எழுதி அனுப்பினோம். நிதியத்தின் அதிகாரி கஜலக்ஷ்மி வீடியோவில் வந்து, உங்கள் கலையால் என்ன மாற்றம் வரும் என்று கேட்டார். ஸுலைஹா கொஞ்சமும் தடுமாறவில்லை. “ஊர் எல்லாம் பொண்ணுட கையில மாப்பிளட பேர எழுதுது மிஸ். நான் அவட ஒப்பத்த அவட கையில எழுதுறன். மாத்தம் அதுதான்.”

செலவுக் கணக்கில் தன் கூலியையும் சேர்த்திருந்தார். அதைக் கஜலக்ஷ்மி தயங்கித் தயங்கிக் கேட்க, “பிரேம் அடிக்கிற பாசுக்குச் சம்பளம். போட்டோ புடிக்கிற புள்ளைக்குச் சம்பளம். கீறின எனக்கு மட்டும் கையேந்தி ஒரு துஆவா?” என்றார். நிதி கிடைத்தது, கூலியும் சேர்த்துத்தான். பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கொழும்பிலேயே காட்சிக்கூடம் எடுத்துத் தரலாம் என்றார்கள். ஸுலைஹா மாட்டேன் என்றுவிட்டார். மதுரங்குளியில் ஒரு கலியாண மண்டபம் பிடித்தார். “காட்சிக்கூடம் எண்டா எதுக்குப் போற எண்டு வீட்டில கேப்பாங்க. மண்டபம் எண்டா ஒத்தரும் கேக்கமாட்டாங்க. இனிப்புக்கு வட்டிலப்பமும் வைப்பம்.” பகலில் பெண்களுக்கு மட்டும். படம் கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வேண்டாம் என்று எப்போது வந்து சொன்னாலும் காரணம் கேட்காமல் இறக்கிவிடுவேன்.

திறந்த அன்று ஒரே பெண்கள் கூட்டம். சுவர் நிறைய உள்ளங்கைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஒப்பம், ஒன்றைப் போல் மற்றது இல்லை. வந்தவர்கள் வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறந்து நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினொரு மணி போல வாசலில் சத்தம். சந்தியில் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் நின்றான். யாரோ போனில் எடுத்து அனுப்பிய படத்தில் தன் மனைவி நஸீஹாவின் ஒப்பத்தைக் கண்டுவிட்டானாம்.

“அந்தக் கைய இறக்குங்க. என்ட பொஞ்சாதிட கை ஊர் பார்க்கவா?”

“ஒப்பம் வச்சவ வந்து சொல்லட்டும் தம்பி. அவ சொன்ன நிமிசம் இறக்குவன்.”

“புருசன் நான் சொன்னாக் காணாதா?”

“காணாது தம்பி” என்றார் ஸுலைஹா, கோபமே இல்லாமல். “நீங்க சொல்லி நான் இறக்கினா, இந்தச் சுவரில இருக்கிற எல்லாத்தையும் இறக்கோணும்.”

“கூட்டிட்டு வாறன். நிண்டு பாருங்க” என்று ஓட்டோவை முறுக்கிக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஸுலைஹாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு இன்னொருத்தி. ஸுலைஹா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு படங்களையும் இறக்கி, துணியால் துடைத்து, அவரவர் கையிலேயே கொடுத்தார். ஆணிகள் மட்டும் மிஞ்சின. இன்னும் நாலைந்து பேர் சுவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஸீஹா வந்து இறக்கச் சொன்னால் பின்னேரத்துக்குள் சுவர் வெறுமையாகிவிடும் என்று எல்லோருக்கும் விளங்கியது. பின்னேரம் வரையாவது சமாளிக்க முடியாதா என்று கொழும்பிலிருந்து வந்திருந்த கஜலக்ஷ்மி மெல்லக் கேட்டார். “வாக்கு எண்டா வாக்கு மிஸ்.” சொல்லிவிட்டு, துடைத்த துணியையே மறுபடி மறுபடி மடித்தார் ஸுலைஹா.

ஓட்டோ வந்து நின்றது. இஸ்ஸதீன் வாசலோடு நின்றுவிட்டான். நஸீஹா உள்ளே வந்தாள். கூடவே கூன் விழுந்த, குள்ளமான அவளுடைய உம்மா. பெண்கள் விலகி வழி விட்டார்கள். நஸீஹா தன் கையின் முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஸுலைஹா கதிரையில் ஏறி, சட்டத்தின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார். “இந்தாங்க மகள்” என்று நீட்டப்போனார்.

“வேணாம் ராத்தா” என்றாள் நஸீஹா, வாசலுக்கும் கேட்கும்படி. “கொஞ்சம் கீழ மாட்டுங்க. உம்மாக்கு எட்டிப் பார்க்க ஏலாம இரிக்கி.”

ஸுலைஹா சட்டத்தை நஸீஹாவிடம் கொடுத்துவிட்டு, ஆணியைப் பிடுங்கி வாயில் கடித்துக்கொண்டு இறங்கினார். உம்மாவைத் தோளில் பிடித்து மெல்லச் சுவரோரம் நிறுத்தி, அவருடைய கண்ணுக்கு நேராகப் பெருவிரலை ஊன்றி, அந்த இடத்திலேயே ஆணியை அடித்தார்.