நூறு மில்லி பெட்ரோலும் இருபத்தைந்து கிலோ அரிசியும்

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். ஆகவே என் ஸ்கூட்டர் குடிக்கும் பெட்ரோலை வெறும் செலவாக ஒருநாளும் கருதியதில்லை. ஆறு வருஷம் காத்திருந்து வண்டி கைக்கு வந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன். முதல் பக்கத்தில் டயரின் காற்றழுத்தம், ஆயில் விகிதம், வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை. ஆண்டுதோறும் புது நோட்டு. அந்த முதல் பக்கத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் பெயர்த்து எழுதிவிடுவேன். பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் மைலேஜ் பற்றி யாருக்கு ஐயம் எழுந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

எண்பதுகளின் நடுவில், லிட்டருக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி முப்பத்தேழுக்கு இறங்கியது. காற்று சரி, ஆயில் சரி. மிஞ்சியவர் என் வண்டியைப் பழுதுபார்க்கும், தாராவியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரே. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் நல்ல ஜெட்டைக் கழற்றிக்கொண்டு தேய்ந்த ஒன்றை மாட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அதை மாடிப்படியில் நின்று உரக்கச் சொல்லவும் செய்தேன்.

ஞாயிறு காலை அவரே வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். மூங்கில் கழி போன்ற உடம்பு.

"சார், நான் ஜெட்ட மாத்திட்டேன்னு சொன்னியளாமே? ஒங்க பில்டிங் ஸ்கூட்டரு மூணு இப்ப வேற பட்டறைக்குப் போவுது. பேரு கெட்டுட்டா நான் கடைய மூடிட்டு ஊருக்குத்தான் போவணும்."

"நான் சொல்லலை. என் கணக்கு சொல்றது."

"அந்தக் கணக்கத்தான் காட்டுங்களேன்."

காட்டினேன். அவர் விரல் முதல் பக்கத்திலேயே நின்றது. "ஓட்டுபவர் எடை அம்பத்தொம்பது கிலோ. இது யாரு சார், ஒங்க தம்பியா?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "தையல்காரனைக் கேளுங்கோ! ஒரே வருஷத்துல மூணு தடவை பேண்ட்டைப் பிரிச்சுத் தச்சாச்சு."

கீழே அரிசிக் கடையின் பெரிய தராசில் ஏறி நின்றேன். எண்பத்து நான்கு. முன்பு ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயிலில் தொங்கிய என்னை உட்காரவைத்து ஆபீஸுக்குக் கொண்டுபோனது அந்த ஸ்கூட்டர்தான். அது என் நினைவுக்கு வந்தது; ஆயினும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எடைக்கும் பெட்ரோலுக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்காது. நிரூபிச்சுக் காட்டுங்கோ. நீங்க ஒரு தடவை, நான் ஒரு தடவை ஓட்டினா செல்லாது. ஆக்ஸிலரேட்டர் திருகற கை வேற வேற."

"ரெண்டு தடவையும் நானே ஓட்டுதேன். என் எடையும் அறுவதுதான். மொதல்ல நான் மட்டும். பொறவு ஒங்களையும் ஏத்திக்கிடுதேன்."

"என்னையா?"

"முழுசா இல்ல சார். புதுசா ஏறின ஒங்கள மட்டும்." அவர் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் காட்டினார். கடைக்காரர் தராசையே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பக்கத்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றிய சாலையில் சோதனை. குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோலை நானே அளந்து ஊற்றினேன். மெக்கானிக் பாட்டிலை ஹேண்டிலில் கட்டி, குழாயை நேராகக் கார்புரேட்டரில் செருகினார். ஆபீஸ் நேரத்துப் போக்குவரத்தில் ஓட்டுவதுபோல முனைக்கு முனை நின்று கிளம்ப வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடத்தார் பூங்காவின் கேட் அருகே கூடிவிட்டார்கள்.

மூட்டையின்றி எட்டுச் சுற்று முடித்து வண்டி நின்றது.

மறுபடி நூறு மில்லி. பின் இருக்கையில் மூட்டை. ஐந்து! ஆறு! நான் என்னையறியாமல் நடைபாதையில் வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தேன். ஏழாவது சுற்று முடிந்தது, நாலு அடி நகர்ந்தது, இருமியது, நின்றது.

எட்டு ஏழாயிற்று. மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு முப்பத்தேழானதும் ஏறக்குறைய அதே விகிதந்தான்! "பொருந்தறது! அப்படியே பொருந்தறது!" என்று தெருவில் நின்று கூவினேன். கல்லூரிச் சோதனைச்சாலையில்கூட எனக்கு இத்தனை துல்லியமான விடை கிடைத்ததில்லை. ஐந்தாண்டு எழுதிய நோட்டுகளில் ஓர் எண்கூடப் பொய் சொல்லவில்லை, முதல் பக்கத்தைத் தவிர.

"சந்தோசம் சார்," என்றார் அவர் தணிந்த குரலில். "அப்ப என் ஜெட்டு?"

கூட்டம் என் முகத்தையே பார்த்தது. பாட்டில் காலி, வண்டி ஓடாது. ஹேண்டிலை நானே பற்றித் தள்ளத் தொடங்கினேன்.

"மூட்டைய எறக்கிரவா சார்?"

"வேண்டாம். இருக்கட்டும்."

கட்டடம் வரை தள்ளினேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. முன்பு பேசிய அதே மாடிப்படியில், அதே குரலில், மூச்சிரைக்கச் சொன்னேன்: "இவர் ஜெட்டை மாத்தவே இல்லை. குறை வண்டியில இல்லை. கணக்கும் தப்பில்லை; நான் குறிச்சு வச்ச என் எடைதான் தப்பு."

மறுவாரம் அந்த மூன்று ஸ்கூட்டர்களும் தாராவிப் பட்டறை வாசலில் நின்றன. என்னுடையது வீட்டிலேயே நின்றது. ஸ்டேஷனுக்கு நான் நடந்து போய்க்கொண்டிருந்தேன்.