மருந்து அறைச் சாவியும் பதினைந்து நாள் விடுப்பும்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உண்டென்றால், அது தீப்பெட்டி ஆபீஸில் மருந்து அறைச் சாவியை வைத்திருப்பதுதான்.

எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சியின் தலையில் ஏறும் மருந்தைக் கலக்கிற அறைக்கு எழுபதுகளில் நான் பொறுப்பாளனாக இருந்தேன். ஒரு பொறி பட்டால் அறையும் போகும், ஆளும் போவான். அதனால் உள்ளே வருகிறவர்களின் மடி, செருப்பு ஆணி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் விடுவேன். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டாம் வயதில் எனக்கு வயிற்றில் புண் என்றார்கள். ஆபரேஷன் செய்து பதினைந்து நாள் படுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் பாளையங்கோட்டை டாக்டர். அந்தப் பதினைந்து நாளும் சாவி யாரிடம் இருக்கும்? அதற்கு விடை கிடைக்காமல் எட்டு மாதம் தள்ளிப் போட்டேன். இத்தனைக்கும் தினமும் காலையில் முழங்காலில் நின்று, எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபிக்கிறவன் நான்.

வேப்பங்கிளையில் ஒரு தாயத்து

என்னிடம் பத்து வருடமாக மருந்து கலக்கியவன் மாடசாமி. எனக்கு அடுத்தபடி அந்த அறையை அறிந்தவன் அவன்தான். ஆகையால் என் சந்தேகமும் அவன் மேல்தான் அதிகம். தினமும் காலையில் உள்ளே வருமுன் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி, இடுப்பிலிருந்து எதையோ எடுத்து மறைத்துவிட்டு வருவான். பீடிக்கட்டு என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பிடித்தேன். கிளையில் ஒரு செப்புத் தாயத்து தொங்கிக்கொண்டிருந்தது. உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று நான் சொன்ன சட்டத்துக்காக அதைக் கழற்றி மாட்டியிருக்கிறான். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவன் சிரித்தான். “எங்க கருப்பசாமிய இங்கன காவலுக்கு விட்டுட்டு உள்ள வாரேன் அண்ணாச்சி. உங்க சாமிய எங்கன விட்டுட்டு வருதீங்க?”

பிரசங்கத்தின் நடுவில்

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு விடுமுறை. பூட்டுக்கு விடுமுறை உண்டா? பிரசங்கம் பாதியில் இருக்கும்போது எழுந்து, சைக்கிளை மிதித்துப் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசி ஜெபத்துக்குத் திரும்பிவிடுவேன். ஒரு வாரம் எங்கள் சபைப் போதகர் ஐயர், புயலில் படகு தத்தளிக்கும்போது இயேசு நிம்மதியாகத் தூங்கியதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். சபையே கண்ணைத் துடைத்தது. எனக்கு மட்டும், அந்நேரம் சுக்கானை யார் பிடித்திருந்தார்கள், அவர் நம்பத்தக்க ஆளா என்று மனதில் ஓடியது. எழுந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது, ஆலயத்தில் மணியடிக்கும் ஞானமுத்து வாசலில் நின்றார். என் தவிப்பைப் புரிந்துகொண்டு ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் காதோரம் வந்து சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. காணிக்கைத் தட்டு வாரதுக்கு முந்தி நீங்க நழுவிருதீங்கன்னு சபையில பேசிக்கிடுதாவ.”

ஈரத்துணி

பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களில் எஸ்தர் என்று ஒருத்தி. விதவை, எங்கள் சபைதான். குச்சிகளை அள்ளித் திணிக்கும்போது தலையும் தலையும் உரசிச் சில வேளை குப்பென்று தீப்பிடிக்கும். மற்றவர்கள் அலறுவார்கள். எஸ்தர் பக்கத்தில் இருக்கும் ஈரத்துணியைப் போட்டு அமுக்கிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அந்த அமைதி எனக்குச் சரியாகப் படவில்லை. அலட்சியமா, அசட்டுத் துணிச்சலா? இவளால் ஒரு நாள் கட்டடமே போகும் என்று மனதில் குறித்து வைத்தேன்.

ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். “உனக்குப் பயமே கிடையாதாம்மா?”

அவள் கையை நிறுத்தவில்லை. துணி காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். “இல்லாம இருக்குமா அண்ணாச்சி? பயத்துக்குத்தான் ஈரத்துணி வச்சிருக்கேன். அதுக்கு மேல உள்ளத ஆண்டவர்ட்ட விட்டுட்டேன். ரெண்டையும் நானே பாத்தா பெட்டிய யாரு அடைக்க?”

வெள்ளை நூல்

வலி கூடிக்கொண்டே வந்தது. சாவியை மாடசாமியிடம் கொடுக்கலாமா என்று பரீட்சை வைத்துப் பார்க்க நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பூட்டிலிருந்து தாழ்ப்பாளுக்கு ஒரு மெல்லிய வெள்ளை நூலைக் கட்டிவிட்டு, மாற்றுச்சாவியை அவன் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் நூல் அறுந்து தொங்குகிறது. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம், சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம். என் சந்தேகம் பலித்துவிட்டதே!

எல்லோர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு அதட்டினேன். அவன் அறுந்த நூலை எடுத்துக் காட்டினான். “இத அறுத்தது நீங்கதான் அண்ணாச்சி. நூலக் கட்டிட்டுப் போனீங்க, பாதி வழியில திரும்பி வந்து பூட்ட மூணு வாட்டி இழுத்துப் பாத்தீங்கல்லா. நாங்க எல்லாரும் அந்தா அங்கன உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்.”

கட்டிலில்

மறு வாரம் இரத்த வாந்தி எடுத்தேன். மாடசாமிதான் கைத்தாங்கலாகப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனான். மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். ஐயர் வந்து ஜெபித்தார். என்னையும் முழுவதுமாக ஒப்புக்கொடுத்து ஜெபிக்கச் சொன்னார். ஆண்டவரே, சகலத்தையும் உம்மிடம் ஒப்புக்கொடுக்கிறேன் என்றேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், என் வலது கை போர்வைக்குள் சாவியை இறுகப் பிடித்திருக்கிறது. விரலில் சாவிப்பல் பதிந்து சிவந்திருந்தது. இத்தனை வருடமும் இப்படித்தான் ஜெபித்தேனா?

ஐயர் போனதும் மாடசாமியைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினேன். நூல் விஷயத்தை மன்னித்துக்கொள் என்றேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. சாக்கை நனைத்துப் போடு, மேல்காற்று அடித்தால் சன்னலைச் சாத்து, செருப்பு ஆணியைப் பார் என்று அடுக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் சாவியை மடியில் செருகினான். “பத்து வருசமா இதையெல்லாம் நான்தான செய்யுதேன்? நீங்க சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு நின்னீங்க. கண்ண மூடிப் படுங்க அண்ணாச்சி.”

படுத்தேன். பட்டப்பகலில், வார்டுச் சத்தத்துக்கு நடுவில், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். விழித்ததும் வயிற்றுவலி அப்படியேதான் இருந்தது. நெஞ்சில் மட்டும் இறக்கி வைத்த மாதிரி ஒரு லேசு. உடனே சந்தேகம் வந்தது. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, எனக்குத் தெரியாமல் தூக்க ஊசி எதுவும் போட்டீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தூக்கத்துக்கு டாக்டர் உங்களுக்கு ஒண்ணுமே எழுதலையே. நீங்களாத்தான் தூங்குனீங்க.”

ஆண்டவர் கொடுத்த சமாதானத்தைக்கூட நர்ஸிடம் விசாரித்து உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கிக்கொண்ட ஆள் நான், அவரும் பெரிய மனதோடு அதைத் திருப்பி எடுக்காமல் விட்டிருக்கிறார்.