பிறன் சட்டி நிறைந்திருந்த கோடை

சுதந்திரம் வந்து ஐந்தாம் வருடத்துக் கோடையில், ஆறு மாதக் கர்ப்பிணியாயிருந்த என் மனைவி அன்னபாக்கியம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். எங்களுக்கு மணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லை. இதற்குமுன் உருவான இரண்டும் வயிற்றிலேயே கரைந்துபோயின. இது மூன்றாவது. நான் ஓடிவந்து தூக்கியபோது அவள் உடம்பு காய்ந்த பனையோலையைப்போலக் கனமற்றிருந்தது.

இரணியலிலிருந்து வந்த மருத்துவச்சி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தாள்.

"ரெத்தமே இல்ல ஓய். நேரம் தவறாம வயிறு நெறையக் குடுக்கணும். இல்லேன்னா தாயும் போவும், பிள்ளையும் போவும். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

வயிறு நிறையக் கொடுப்பது அக்காலத்தில் எங்கள் கையில் இல்லையென்று நான் நினைத்திருந்தேன். அது ஏனென்று விளங்கும்படி, நாங்கள் வாழ்ந்த முறையைச் சற்றுச் சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்ல. வேதபுத்தகத்தையே அரிச்சுவடியாகக் கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தவன். சொல்லில் பிழையிருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

முட்டத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் வடபுறமாக, கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு செம்மண் மேட்டில், சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே குடும்பமாய் வாழ்ந்துவந்தோம். அந்த இடத்துக்கு ஒருமனை என்று பெயர். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த வேதமணி அண்ணன் எங்களுக்கு மூத்தவராயிருந்தார். பனையேறினோம், கருப்பட்டி காய்ச்சினோம், அறுவடைக் காலத்தில் நாஞ்சில்நாட்டு வயல்களுக்குப் போய் நெல்லைக் கூலியாகப் பெற்றோம். இங்கே சேருகிற ஒவ்வொருவரும் மூன்று பொருத்தனைகளைக் கர்த்தருடைய சமுகத்தில், ஆயுள்முழுமைக்கும் செய்வது வழக்கம்.

எல்லாருக்கும் அடுப்பு ஒன்று, நெல் வைக்கும் பத்தாயம் ஒன்று என்பது முதற்பொருத்தனை. அடுத்தது, உண்பதற்குமுன் தன் பங்குக் கஞ்சியில் ஒரு பகுதியை, வாசற்படியருகே இருக்கும் 'பிறன் சட்டி' என்னும் மண்பாத்திரத்தில் பிறனுக்கென்று ஊற்றுவது. எவ்வளவு ஊற்றினோம் என்பதை மனைவியிடத்திலும் சொல்லாதிருப்பது மூன்றாவது. இவற்றோடு, எழுதாத மரியாதை ஒன்றும் இருந்தது. சமையலை ஏற்றிருந்த சாந்தம் அக்காவைத் தவிர வேறொருவரும் பத்தாயத்தின் மூடியைத் திறப்பதில்லை. உள்ளே எட்டிப் பார்ப்பது விசுவாசக் குறைவென்று எண்ணினோம்.

நல்ல காலத்தில் பிறன் சட்டி சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். மேட்டுப் பாதையில் போகிற பனையேறிகளும், தலைச்சுமையாய் மீன் கொண்டுபோகும் பெண்களும் கோரிக் குடித்துவிட்டு, "கொள்ளாம், நல்ல கஞ்சி" என்று சொல்லிப் போவார்கள். அந்த வருடமோ மழை பொய்த்தது. பாளைகளில் அக்கானி என்னும் பதநீர் சுரக்கவில்லை. பனையேறிகள் வேறு சீமைகளுக்குப் போய்விட்டார்கள். மீனுக்கு மாற்றாகக் கொடுக்க எங்களிடம் கருப்பட்டி இல்லாததால் மீன்காரிகளும் வருவதை விட்டார்கள். பாதை ஓய்ந்துபோயிற்று.

அதே நாட்களில் எங்கள் கஞ்சியும் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வந்தது. மாசி அறுவடையில் கொண்டுவந்த நெல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று நான் நிச்சயித்துக்கொண்டேன். பத்தாயம் வற்றும்போது அதிகம் உண்பது பிறன் வாயிலிருந்து பறிப்பதல்லவா? ஆகையால் என் பங்கில் முன்னிலும் அதிகமாகப் பிறன் சட்டியில் ஊற்றிவந்தேன்.

அன்னபாக்கியம் விழுந்த செய்தி கேட்டு, அவளுடைய தமையன் தங்கையா தக்கலையிலிருந்து வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தவர் என்னிடத்தில் திரும்பினார்.

"ஓய் மச்சான், ஒமக்குச் சாமியாராப் போவணும்னா தாராளமாப் போவும். என் கூடப்பொறந்தவளைப் பட்டினி போட ஒமக்கு யாரு அதிகாரம் தந்தா? நாளைக்கு மத்தியானம் வண்டி கொண்டு வாறேன். நீரும் வந்தா வாரும். வராட்டி அவளை மட்டும் ஏத்திக்கிட்டுப் போவேன்."

அன்னபாக்கியமே அவருக்கு மறுமொழி சொன்னாள்.

"இங்க எல்லாரும் வெறும் தண்ணியைக் குடிக்கும்போ, எனக்கு மட்டும் அண்ணன் வீட்டுச் சோறு எறங்குமா?"

"எறங்கும் எறங்கும். மொளகு ரசம் ஊத்தித் தாறேன், எறங்காம எங்க போவும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

அன்று பிற்பகல் நான் தனியே கிழக்குப் பனைகளின் அடியில் முழங்காற்படியிட்டேன். போனால் பொருத்தனை உடைகிறது. இருந்தால் மனைவியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அழிகிறார்கள். சாந்தம் அக்காவிடம் இன்னும் ஒரு அகப்பை கேட்கலாமென்றாலோ, மற்றப் பிள்ளைகளின் கிண்ணங்கள் என் கண்முன் வந்து நின்றன. "ஆண்டவரே, இவளுக்கு உணவு தாரும். எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கமாட்டேன். நாளை வண்டி வருமுன் தாரும். தராவிட்டால் உமக்குக் கொடுத்த வாக்கிலிருந்து என்னை நீரே விடுவித்துவிடும்" என்று அழுதேன். வானம் வெண்கலமாயிருந்தது. மேகம் ஒன்றும் எழவில்லை. தீர்க்கதரிசிக்குக் கொண்டுவந்ததுபோலக் காகம் ஒன்றும் அப்பம் கொண்டுவரவில்லை.

மறுநாள் மத்தியானக் கஞ்சி முடிந்தபின் நான் பாயையும் துணிமூட்டையையும் கட்டி வாசலில் வைத்தேன். வேதமணி அண்ணன் கண்டார். கடிந்துகொள்ளாமல் மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கொடுத்தார். அது என்னை இன்னும் வாட்டிற்று.

அப்பொழுது மேட்டுப் பாதையில் ஒரு குரல் கேட்டது. கடியப்பட்டணத்து மீன்காரி மரியம்மாள், தலையில் சாளைக் கூடையோடு ஏறி வந்தாள். திங்கள்சந்தைக்குப் போகிறவளுக்கு இது சுற்றுவழி. பல வாரமாக அவள் இப்பக்கம் வந்ததில்லை. ஏன் வந்தாய் என்று பின்னொரு நாள் கேட்டபோதும், "காலு தானாத் திரும்பிச்சு, நான் என்ன செய்ய?" என்றுதான் சொன்னாள்.

"சாந்தம், நாக்கு ஒட்டிப்போச்சு மக்கா. கொஞ்சம் கஞ்சி தா."

"பிறன் சட்டி நெறைய இருக்கு அக்கா. கோரிக் குடியுங்க" என்றாள் சாந்தம் அக்கா.

மரியம்மாள் சிரட்டை அகப்பையால் கோரி ஒரு வாய் குடித்தாள். பிறகு அகப்பையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதென்னட்டி, பானை கழுவுன தண்ணியா? ஒரு பருக்கை இன்னொரு பருக்கையைக் கூப்பிட்டாக்கூடக் கேக்காது போலிருக்கே!"

"இதுவே தெனமும் மிஞ்சிக் கெடக்கு அக்கா. எல்லாருக்கும் வயிறு நெறஞ்சுதானே மிச்சம் வருது? மிச்சத்தை மறுநாள் கஞ்சியில சேத்துக் காச்சுதேன். அரிசியை அதுக்குத் தக்கனக் கொறச்சுக்கிடுதேன்."

"வயிறு நெறஞ்சா?" மரியம்மாள் கூடையை இறக்கிவிட்டு, மூட்டையருகே சாய்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தாள். "இவ வயிறு நெறஞ்சவளா? உப்புல போட்ட கருவாடு கணக்கா இருக்கா! ஏட்டி அன்னபாக்கியம், மாதா மேல ஆணையாச் சொல்லு. இன்னைக்கு உன் கஞ்சியில எம்புட்டு நீ குடிச்சே?"

அன்னபாக்கியம் தலைகுனிந்தாள். "அதைச் சொல்லக்கூடாது அக்கா. பொருத்தனை."

"நல்ல பொருத்தனை! வாயைக் கட்டி வயித்தையும் கட்டியாச்சு."

யாவரும் வேதமணி அண்ணனைப் பார்த்தார்கள். "சொல்லு அன்னபாக்கியம்," என்றார் அவர். "ஆண்டவர் பொறுப்பாரு."

"பாதிக்கு மேல ஊத்திருவேன்," என்றாள் அவள். "இவுகளுக்குப் பத்தாதேன்னு."

'இவுக' என்றது என்னை. நானோ அவளுக்குப் பற்றாதே என்று முக்கால் பங்கையும் ஊற்றிக்கொண்டிருந்தவன். அதைச் சொன்னேன். கஞ்சி குடித்து எழுந்த ஆண்களும், பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்களும், ஒருவர்பின் ஒருவராய்த் தாங்களும் அப்படியே ஊற்றியதைச் சொன்னார்கள். கடைசியில் வேதமணி அண்ணன், தாம் ஓய்வுநாளில் மாத்திரமே கிண்ணத்தில் பாதியாவது குடிப்பதாகச் சொல்லி வெட்கப்பட்டார்.

சாந்தம் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அது அற்புதம் இல்லியா?" என்று கேட்டாள். "நான் அரிசியைக் கொறைக்கக் கொறைக்க மிச்சம் வந்துக்கிட்டே இருந்துது. ஐந்தப்பம் போல ஆண்டவரு பெருக்குதாருன்னு நெனச்சேன். வெளிய சொன்னாப் பெருமை வந்துரும்னு யாருகிட்டயும் சொல்லல. தெனமும் அடுப்படியில முட்டுக்குத்தி ஸ்தோத்திரம் சொல்லுவேன்."

"சரிதான். பத்தாயத்துல என்ன இருக்கு?" என்றாள் மரியம்மாள்.

"நெல்லு இருக்கு."

அனுமதி கேட்காமலே மரியம்மாள் உள்ளே போனாள். நாங்கள் ஒருவரும் தொடாத அந்த மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. பின்பு அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. முழங்கை வரைக்கும் நெல்தூசி ஒட்டிய கையோடு வெளியே வந்தாள்.

"கடல்ல மீனு இல்லாமப் பட்டினி கெடந்தவனை நான் கண்டிருக்கேன். வலை நெறைய மீனை வச்சிக்கிட்டு, நீ தின்னு நீ தின்னுன்னு ஊரோடப் பட்டினி கெடக்கிறதை இன்னைக்குத்தான் காணுதேன். எந்திரி சாந்தம், அடுப்பைப் பத்த வை! சாளையை நான் அலசுதேன்."

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு வேதமணி அண்ணன் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். சாந்தம் அக்கா மாத்திரம் கலங்கியிருந்தாள். அண்ணன் அவளருகே போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. "அற்புதம்தான் சாந்தம். இத்தனை பசியிலயும் ஒருத்தன்கூட அடுத்தவன் பங்குல கைவைக்கலியே. அது அற்புதம் இல்லாம வேற என்ன?"

நாளைக்கென்று குத்தி வைத்திருந்த அரிசி முழுவதும் அன்றைக்கே உலையில் ஏறியது. தங்கையா வண்டியோடு வந்தபோது, என் மனைவி சாளைக் குழம்பூற்றிய சோற்றை உருட்டி உண்டுகொண்டிருந்தாள். அவர் சண்டைக்கென்று கட்டிவந்த வார்த்தைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மரியம்மாள் அவர் கையிலும் ஒரு இலையைக் கொடுத்தாள். இரண்டாம் முறையும் சோறு வாங்கி உண்டபின், "இந்த மூட்டையை எதுக்கு வாசல்ல வச்சிருக்கு? தட்டுது," என்று சொல்லி அதை உள்ளே எடுத்துவைத்தவரும் அவரே. வண்டி வெறுமையாய்த் திரும்பிற்று.

ஆவணி மாதத்தில் எங்களுக்கு ஒரு பெண்குழந்தை சுகமாய்ப் பிறந்தது. "என் பேரைப் போடாட்டி இனி மீனு கெடையாது, கேட்டியளா?" என்று மரியம்மாள் பயமுறுத்தினபடியால் மரியம் என்றே பெயரிட்டோம். வேறு பெயர் எங்கள் மனதிலும் இருந்ததில்லை.

பிரியமானவர்களே, நான் ஆண்டவரிடத்தில் உணவைக் கேட்டேன். அவரோ அதை மாசி மாதத்திலேயே அனுப்பிப் பத்தாயத்தில் வைத்திருந்தார். அதைக் காணும்படி, எங்கள் பொருத்தனை ஒன்றும் கட்டாத ஒரு நாவை அந்த மத்தியானத்தில் மேட்டுக்கு ஏற்றி அனுப்பினார். என் கால் வண்டியில் ஏறுமுன் அனுப்பினார். அதற்காக அவரை நான் எப்படித் துதியாதிருப்பேன்?

அவ்வருடம் ஒருமனையில் நான்காம் பொருத்தனை ஒன்று சேர்க்கப்பட்டது. 'எனக்கு வைத்ததை நன்றியோடு வாங்குவேன். பசித்தால் பசிக்கிறதென்று என் சகோதரரிடத்தில் சொல்லுவேன்' என்பது அது. மற்ற மூன்றிலும் இதுவே கடினமானதென்று புதிதாய்ச் சேருகிறவர்கள் சொல்லுகிறார்கள். எனக்கும் கடினமாகவே இருந்தது. கொடுக்கிற கைக்கு ஒரு மேன்மை உண்டு; நீட்டுகிற கைக்கு அது இல்லை. பத்தாயத்தின் மூடிக்கோ அன்றுமுதல் பூட்டுமில்லை, மறைவுமில்லை. பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்கிறார்கள்.

இப்பொழுது எங்கள் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. மரியம் பள்ளிக்கூடம் போகிறாள். பாளைகளில் அக்கானி சுரக்கிறது. பாதையிலும் ஆள் நடமாட்டம் உண்டு. இதை வாசிக்கிறவர்களில் எவராவது மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தால், ஒரு நாள் பொறுத்துக் கேளுங்கள். ஆண்டவரிடத்தில் கேளுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களிடத்திலும் கேளுங்கள். நீங்கள் திறக்கத் துணியாத மூடிக்குக் கீழே அவர் முன்னமே வைத்திருக்கக்கூடும்.

இன்று மத்தியானம் பிறன் சட்டியில் என் பங்கை ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். கிண்ணம் காலியானது. பசி தீரவில்லை. எழுந்துபோய்க் கையை நீட்டி, "அக்கா, இன்னும் ஒரு அகப்பை" என்றேன். சாந்தம் அக்கா சிரித்துக்கொண்டே இரண்டாக ஊற்றினாள்.