அந்தாண்ட இருமல், இந்தாண்ட ஊசி

அரசாங்க டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேலை என்பது கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிற வேலை மாதிரி. ஊற்றினவனை ஒருத்தனும் வாழ்த்த மாட்டான், தீர்ந்துபோனால் மட்டும் பந்தியே சேர்ந்து திட்டும். என்னைப் போல சர்க்கார் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் மடுகரைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். ஊர் பேர் வேண்டாம், இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நமக்குச் சொந்த ஊர் வில்லியனூர். அத்தாவின் மளிகைக் கடையில் மிளகுப் பொட்டலம் கட்டப் பிடிக்காமல் படித்து, இங்கே வந்து மாத்திரைப் பொட்டலம் கட்டினேன். எனக்கு வைத்த பேரை அந்த ஊரில் யாரும் கேட்டதே இல்லை, 'கம்பவுண்டர் பாய்' என்றால் போதும்.

அந்த ஊரில் ஒரு தெரு. கிழக்கு வரிசை வீடுகள் புதுச்சேரி, மேற்கு வரிசை தென்னார்க்காடு ஜில்லா, அதாவது தமிழ்நாடு. கிழக்கு வரிசைக்காரன் கொம்யூன் என்கிற எங்கள் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு ஏழைச் சீட்டு வாங்கிவிட்டால் எங்களிடம் ஊசி, மருந்து எல்லாம் இனாம். எதிர் வரிசைக்காரன் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் எங்களுக்கு ஆகாது, அவன் ஏழெட்டு மைல் நடந்து அவன் கவர்மெண்ட்டைத் தேடிப் போகவேண்டும்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஏழைகளுக்கான மருந்து தப்பான ஆட்களுக்குப் போகிறதாம். யார் யார் என்று ஒரு மாதத்தில் பட்டியல் போட வேண்டுமாம், ஆபீசர் நேரில் வந்து பார்ப்பாராம். படித்ததும் ரிஜிஸ்டரை எடுத்து ஒரு பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். காரணம் தனகோடி.

தனகோடி கரும்பு வெட்டுகிற கூலிக்காரன். மேற்கு வரிசை. காசநோய். தினம் ஒன்றாகத் தொண்ணூறு ஊசி போட்டாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் முரண்டு பிடிக்கும், அப்புறம் அதே மருந்து கேட்காது, ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆர்டர் வந்த அன்று முப்பத்தெட்டாவது ஊசி. ரிஜிஸ்டரில் அவன் விலாசம் 'கிழக்கு வரிசை, பதினேழாம் நம்பர்' என்று இருந்தது. அது அவன் மச்சான் முனுசாமியின் வீடு. அப்படி எழுதின மகானுபாவன் யார்? சாட்சாத் நான்தான்.

போலீஸ் டெஸ்ட்

அந்தக் காலத்தில் மிக்ஸ்சர் வேண்டுமென்றால் புட்டியை நீங்களே கொண்டுவர வேண்டும். புதுச்சேரி ராஜ்ஜியத்தில் இன்னா புட்டி கிடைக்கும்? பிராந்திப் புட்டிதான். நான் அதில் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். ஒருநாள் வயிற்று உப்புசத்துக்கு மிக்ஸ்சர் வாங்கின பெரியவர் ஒருத்தர், புட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க எல்லை தாண்டிப் போயிருக்கிறார். அந்தாண்ட மதுவிலக்கு. கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். மருந்து என்று இவர் கும்பிட, அவர் மோந்து பார்த்திருக்கிறார். காரமாக ஒரு வாசனை. சந்தேகம் தீர ஒரு வாய் குடித்தார். தீரவில்லை, இன்னொரு வாய். இப்படிச் சந்தேகம் தீர்வதற்குள் புட்டி தீர்ந்துவிட்டது. பெரியவர் வெறும் புட்டியோடு திரும்பி வந்து என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஜன்னலில் புது முகம். லுங்கி, சட்டை, கையில் ஒரு புட்டி. மீசையையும் நிற்கிற நிலையையும் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. "இன்னா சார், கேஸ் விஷயமா வந்தீங்களா?" என்றேன். மனுஷர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதெல்லாம் இல்ல பாய். நேத்து டெஸ்ட் பண்ணதுலேந்து வவுறு லேசாயி நல்லாப் பசிக்குது. அந்தப் பெரியவரு கிட்டயே எத்தினி நாளு புடுங்கறது?"

ஊதா நெற்றி

குப்பம்மாவின் பிள்ளைக்கு வாய்ப்புண். தடவுவதற்கு ஊதா மருந்து கொடுத்தேன். ஒரே வாரத்தில் மூன்று தடவை காலி சீசாவோடு வந்து நின்றாள். பட்டியல் போடுகிற வேகத்தில் இருந்தேன் அல்லவா, மத்தியானம் அவள் வீட்டுக்கே போனேன். பிள்ளை மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டு ஜாலியாக இருந்தது, வாயில் புண்ணே இல்லை. முற்றத்தில் நாலு ஆடு. நாலுக்கும் நெற்றியில் ஊதா ஊதாவாகப் பட்டை.

"பக்கத்து வூட்டுக்காரி ஆட்டோட கலந்து பூடுது பாய். மஞ்சத் தண்ணி பூசினா மழைக்கு நிக்க மாட்டேங்குது, உங்க மருந்து நல்லா கெட்டியா நிக்குது" என்று எனக்கே சர்டிபிகேட் கொடுத்தாள். எனக்கு வந்ததே கோபம். ஏழைக்குக் கொடுக்கிற மருந்தை ஆட்டுக்கா பூசுவாய், உன் பேரை எழுதி மேலே அனுப்புகிறேன் பார், என்று கத்தினேன். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம்கூட அசராமல் கேட்டாள்:

"அது மட்டும் இன்னா, பணக்காரன் ஆடா பாய்?"

பரம்பரை ஏழை

ரைஸ்மில் முதலாளி மோட்டார் சைக்கிளில் வருவார். வரிசையில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். பையிலிருந்து பழுப்பேறின ஏழைச் சீட்டை எடுத்து நீட்டுவார். சத்து மாத்திரை, ஒரு பொட்டலம் நிறைய. அவ்வளவும் அவருக்கில்லை, அவருடைய வண்டி மாடுகளுக்கு. மாடுகளும் மினுமினு என்றுதான் இருந்தன, பொய் சொல்லக்கூடாது.

அதுவரை நான் வாயைத் திறந்ததில்லை. டிஸ்பென்சரி நடந்த கட்டடமே அவருடையது. ஆனால் இப்போது ஆர்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில், "ஐயா, உங்களுக்கு எப்படி இந்தச் சீட்டு...?" என்று இழுத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. ஒரு சின்னப் பையனுக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். நான் அவர் போனதும் வெள்ளைத் தாளை எடுத்துப் பட்டியலில் முதல் பேராக அவர் பேரை எழுதினேன். அவர் சொன்னது இதுதான்:

"பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்க தாத்தாவுக்குக் கொம்யூன் தலைவரு, அதான் மேர், கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பாய். பேர மட்டும் மாத்திக்கினு வரோம். நாங்க பரம்பரை ஏழைங்க."

தேர் அன்றைக்கு

ஆடி வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் தேர். சாதாரண நாளில் என் ஜன்னலில் எண்பது பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். முதுகு வலி, முழங்கால் வலி, 'உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது' என்று விதவிதமாக. தேர் அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. முதுகு வலிக்காரர் மாட்டு வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆபீசர் இன்றைக்கு வந்திருந்தால் பட்டியல் வேலை அரை மணியில் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஒரே ஒரு ஆள் வந்தான். தனகோடி. தெருவைக் கடந்து இரண்டு பர்லாங் நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். ஐம்பத்தேழாவது ஊசி. இடுப்பில் சதை கிடையாது, ஊசியைக் குத்த எனக்கே மனசு வலிக்கும். பேச்சுக்கு, "தேருக்குப் போகலியா தனகோடி? அம்மன் கோவிச்சுக்காதா?" என்று கேட்டேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா தாயி, பொறுத்துக்கும். இந்த ஊசி பொறுத்துக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரே பாய்."

பதினேழாம் நம்பர்

ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனுஷர், கெட்டவர் இல்லை, ஆனால் ரூல்காரர். ரிஜிஸ்டரில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் தனகோடியிடம் நின்றார். "தினமும் ஊசியா? விலை ஜாஸ்தி மருந்தாச்சே. இந்தப் பதினேழாம் நம்பரைப் பார்த்துட்டு வரலாம், வாங்க பாய்." அறுபத்தாறு ஊசி முடிந்திருந்தது. இன்னும் இருபத்து நாலு. என் வேலையும் அவன் உயிரும் ஒரே நம்பரில் தொங்கிக்கொண்டிருந்தன. போகிற வழியெல்லாம் 'யா அல்லா, யா அல்லா' என்றுதான் நடந்தேன்.

பதினேழாம் நம்பர் என்பது ஒரே ஒரு அறை, பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை. உள்ளே முனுசாமி, அவன் பெண்டாட்டி, நாலு பிள்ளைகள். "தனகோடி இங்கே எங்கே படுக்கிறார்?" என்று ஆபீசர் கேட்டார். முனுசாமி பதறாமல் கொட்டகையைக் காட்டினான். "அப்போ மாடு எங்கே படுக்கும்?" என்றார். "அது எங்கனா படுத்துக்கும் சார், ஒண்ணும் சொல்லாது" என்றான். அடப்பாவி, கொஞ்சம் யோசித்துப் பொய் சொல்லக்கூடாதா என்று எனக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர் வரிசை வாசலில் உட்கார்ந்திருந்த தனகோடிக்கு இருமல் வந்துவிட்டது. லேசான இருமலா? தெருவே திரும்பிப் பார்க்கிற இருமல்.

தனகோடியின் பெண்டாட்டி அஞ்சலை தெருவைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தாள். "பொய்யி வாணாண்ணே. நம்மால பாயி வேலைக்கு ஆபத்து வரக்கூடாது" என்று முனுசாமியை அடக்கிவிட்டு, "எங்க வூடு அதோ, அந்தாண்டதான் சார்" என்று ஆபீசரிடம் சொன்னாள். அதற்கு மேல் நான் சும்மா நின்றால் மனுஷனே இல்லை. "விலாசம் எழுதினது நான்தான் சார்" என்று ஒப்புக்கொண்டேன். ஆபீசர் பெருமூச்சு விட்டார். பரிதாபம் வேறு, ரூல் வேறு, அந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கத்து கவர்மெண்ட்தான் பார்க்க வேண்டும் என்றார். அஞ்சலை அழவில்லை, காலிலும் விழவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

"சரிங்க சார். அவர நாங்க அந்தாண்டயே வெச்சிக்கிறோம். அவரு இருமலு மட்டும் தெருவத் தாண்டி இந்தாண்ட வரக் கூடாதுன்னு ஒரு ஆர்டர் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. எங்கண்ணனுக்கு நாலு புள்ளைங்க."

ஆபீசரின் ரிப்போர்ட்

ஆபீசர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எதிர் வாசலில் தனகோடி மறுபடி இருமினான். இவர் ரெண்டடி பின்னால் நகர்ந்து மாட்டின் மேல் இடித்துக்கொண்டார். முனுசாமி சொன்னது வாஸ்தவம், மாடு ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு பிள்ளைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஜீப்பில் உட்கார்ந்து என் பட்டியலை வாங்கிப் படித்தார். முதல் பேரைப் பார்த்ததும் இருமல் இல்லாமலே தொண்டையைக் கனைத்தார், ஏனென்றால் மத்தியானச் சாப்பாடு ரைஸ்மில் முதலாளி வீட்டில்தான் முடிந்திருந்தது. "இவர் பேரை எழுதினா உங்களுக்குக் கட்டடம் இருக்காதே பாய்" என்று பேனாவால் ஒரு கோடு இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. பரம்பரை ஏழை தப்பித்துக்கொண்டார், நிஜ ஏழைக்கு வழி இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. நான் கேட்பதற்குள் அவரே ரிஜிஸ்டரை என் கையில் கொடுத்தார். நடு ரோட்டில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது:

"பதினேழாம் நம்பரைப் பார்த்தேன், ஆள் தங்க வசதி இருக்குன்னு எழுதிக்கிறேன். ஊசியை ஒருநாள்கூட நிறுத்தாதீங்க. மாட்டுக்கு மட்டும் வேற இடம் பார்க்கச் சொல்லுங்க."

தொண்ணூற்று ஒன்று

ஒருநாள்கூட நிறுத்தவில்லை. ஆவணி மழையில் ஓடை நிரம்பின அன்றைக்கு நானே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் குத்திவிட்டு வந்தேன். தொண்ணூறாவது ஊசி முடிந்த அன்று அஞ்சலை ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்து ஜன்னலில் சாய்த்துவிட்டுப் போனாள். இனி மாத்திரை மட்டும், மாதம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டால் போதும் என்று தனகோடியிடம் சொல்லி அனுப்பினேன். கன்னத்தில் சதை வைத்திருந்தது. எனக்கே நான் பெரிய டாக்டர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் வரிசையில் தனகோடி நிற்கிறான். முதுகு வலிக்காரருக்கும் குப்பம்மாவுக்கும் நடுவில், தன் முறைக்குக் காத்துக்கொண்டு. மறுபடி ரத்தம் கித்தம் வந்துவிட்டதோ? "இன்னாய்யா ஆச்சு? சொல்லுய்யா!" என்று ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் ஆவல பாய். ராத்திரி இருமாம தூங்கினேன். ஒடம்பு சரியில்லன்னு சொல்ல அத்தினி நாளு வந்தேன், நல்லா இருக்குதுன்னு சொல்ல ஒருநாளு வர வாணாமா?"

தப்பாக மருந்து வாங்கினவர்கள் பட்டியல் கேட்டு என் சர்வீஸ் முழுக்க ஆர்டர் மேல் ஆர்டராக வந்து குவிந்தது, பிழைத்து எழுந்தவர்கள் பட்டியல் கேட்டு மட்டும் ஒரு போஸ்ட் கார்டுகூட வந்ததில்லை.