சனிக்கிழமை மழைக்கு இரண்டு டிக்கெட்

மரியகுழந்தை அத்தையைப் போன செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். அவருடைய ஜெபத்தைப் பற்றியும் கைராசியைப் பற்றியும் பலர் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அவர் நாடக டிக்கெட் வாங்கிய கதைதான். அதை அவரும் சாம்ராஜ் மாமாவும் மாறி மாறி, ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே சொல்லுவார்கள்.

கோலாருக்கு ரயில் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த காலம். இருவருக்கும் கல்யாணமான புதிது. மாமா தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிறவர். அத்தைக்குத் தரைக்கு மேலே, வெட்டி வந்த கல்லைப் பொறுக்கும் வேலை. அந்த ஐப்பசியில் ஒரு நாடகக் கம்பெனி வந்து ஆண்டர்சன்பேட்டையில் கீற்றுக் கொட்டகை போட்டது. திங்கள் முதல் சனி வரை ஒரே நாடகம். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிடுவார்கள்.

மாமாவுக்கு அந்த வாரம் முழுக்க ராத்திரி ஷிப்ட். பத்து மணிக்குக் கீழே இறங்க வேண்டும். நாடகமோ எட்டு மணிக்குத் தொடங்கினால் முடிய ராத்திரி இரண்டு மணி ஆகும். லீவு போடவும் வழியில்லை. ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டி அடிக்கும் வேலை அது. இவர் போகாவிட்டால் ஜோடி ஆள் வேலுவுக்கும் அன்று கூலி கிடையாது.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றார் மாமா.

அத்தைக்கு அது போதவில்லை. ரெண்டு பேரும் ஒரு நாடகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். அதுதான் அவர் பிடிவாதம். புதன்கிழமை வேலை விட்டதும் நேரே கொட்டகைக்குப் போனார். தினமும் சாயங்காலம் மேகம் கூடிக்கொண்டிருந்ததால் டிக்கெட் விற்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாதியில மழ வந்தா?"

"நாடகம் நின்னுடும். அதே டிக்கெட்டு மறுநாள் செல்லும்மா."

"சனிக்கெழம வந்தா?"

"ஞாயித்துக்கெழம ஆடிக் காட்டிட்டுத்தான் கெளம்பணும். ஏம்மா, வாயக் கழுவு! சனிக்கெழமைக்கு ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்கன்னு பாதி வெலைக்குக் குடுத்துனு இருக்கறோம்."

"அப்ப எனக்கு அதுலயே ரெண்டு தரை டிக்கெட்டு குடு."

பக்கத்து வீட்டு ரத்தினம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா இது! ஊரே மழைக்குப் பயந்துனு வாங்கல, நீ போயி அதையே வாங்கினு வந்துக்கற?"

மாமா கேட்டார்: "நாடகம் பாக்கவா, மழ பாக்கவா?"

"ரெண்டும் தான்யா. ஞாயித்துக்கெழம ராவு உனக்கு ஷிப்ட் இல்ல இல்ல?"

அப்போதுதான் மாமாவுக்குப் புரிந்தது. அத்தை மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினார். எதற்கு என்று சாமியாரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. எட்டு மணிக்கு நட்சத்திரம் பூத்துக் கிடந்தது. டிக்கெட் விற்பவர் அத்தையைப் பார்த்து மேலே கைகாட்டிச் சிரித்தார். ஆண்கள் பக்கம் வேலைக்குக் கொண்டுபோகும் சோற்றுப் போசியோடு உட்கார்ந்திருந்த மாமா ஒன்பதரைக்கு எழுந்தார். மேடையில் ராஜாவைக் கழுவேற்றத் தீர்ப்பாகிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அத்தைக்கு அதற்குமேல் கதை ஓடவில்லை. கீற்றுக்கு மேலேயே காது. பதினொன்றரைக்கு, ராணி தலைவிரி கோலமாக ஓடிவரும்போது, தடதடவென்று இறங்கியது. விளக்கு அணைந்தது, கீற்று ஒழுகியது. ராஜாவே கிரீடத்தோடு குடை பிடித்து வந்து, "மகாஜனங்கள் மன்னிக்கணும், நாளைக்கு வாங்க" என்று கும்பிட்டார். கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. பெண்கள் பக்கம் ஒரு குரல் மட்டும், "வரோம் ராஜா, வரோம்!" என்றது.

கீழே இருந்த மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. சுரங்கத்தில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் சொட்டும். காலையில் ஆட்களை ஏற்றும் கேஜ் மேலே ஏறி வர, சுரங்க வாய்க்குக் கொஞ்சம் கீழேயே ஈரமண் வாசனை அடித்ததாம். வேலுவின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். "இன்னாடா, பைத்தியமா?" என்றான் வேலு.

அன்று பகல் முழுக்க அத்தை வாசலில் உட்கார்ந்து, தெருவில் சத்தம் போட்டவர்களை எல்லாம் விரட்டி, மாமாவைத் தூங்கவைத்தார். ராத்திரி கம்பெனி முதலிலிருந்தே ஆடியது. பாதி விலைக்கு அத்தைக்கு ஒன்றரை நாடகம்.

ராஜாவும் ராணியும் சேர்ந்த இடத்தில், ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விக்கி விக்கி அழும் சத்தம் கேட்டது.

"யாரும்மா அது, இப்பிடி அழுவறது?" என்றாள் ரத்தினம்மா.

"எங்க வூட்டு ஆளுதான்" என்றார் அத்தை, பெருமையாக.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் தோட்டத்தில், சாமியார் பாதி ஜெபத்தில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மரத்தடிக்கு ஓடினோம். மாமா மட்டும் நனைந்துகொண்டே குழியருகில் நின்றார். நான் குடையோடு போனேன். அவர் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடா," என்றார், "இதுக்கும் மழநாளாப் பாத்துப் புடிச்சிக்கறா."