சக்கரங்கள் டென்னஸியில் இருந்தன

டெல்மர் க்ரைஷ் எங்கள் எபர்லி ஊர்ப் பால் ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர். வாரத்தில் ஐந்து நாள் அங்கே நீராவியோடு இருப்பார். சனிக்கிழமை ஆனால் ஆற்றோரக் கொட்டகையில், நீராவியே இல்லாத ஒரு நீராவி எஞ்சினோடு. அறுபதைத் தாண்டியாயிற்று. கழுவிய பிறகும் கழுவாதது போலவே இருக்கும் கைகள். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தான்களைப் பார்ப்பார். ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதைச் சொல்வார்.

அவர் ரயில்காரக் குடும்பம் இல்லை. அப்பா காப்பீடு விற்றவர். ரயில் என்றால் கேட்டில் காக்கவைக்கிற ஒன்று என்பதற்கு மேல் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. அறுபத்து மூன்றாம் எண் எஞ்சினை டெல்மர் முதலில் பார்த்தது ஊர்ப் பூங்காவில்: கம்பி வேலிக்குள், சாயம் உரிந்து, புகைபோக்கியில் குருவிக்கூட்டோடு. ஆலையில் சேர்ந்த புதிதில், மதியம் அதன் ஓட்டுநர் அறையில் ஏறி உட்கார்ந்து சாண்ட்விச் தின்பார். ஒருநாள் சும்மா ஒரு வால்வைத் திருகிப் பார்த்தார். திரும்பியது.

"அன்னிக்கு அது துருப்பிடிச்சு இறுகிக் கெடந்திருக்கணும். என் வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்கும்" என்பார் அவர் மனைவி நோரீன். சொல்லிவிட்டு அவரே அந்தச் சனிக்கிழமைக்கான ருபார்ப் பை என்கிற இனிப்புப் பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுப்பார்.

ஊரில் ஒரு சங்கம் சேர்ந்தது. எஞ்சினைப் பூங்காவிலிருந்து இழுத்து வந்து உயிர் கொடுத்தார்கள். சரக்கு ரயில் கம்பெனி ஒன்றின் பாதையில், ஆற்றை ஒட்டியே, மில்பரோ வரை சனிக்கிழமை உல்லாச ரயில் ஓடியது. மில்பரோவில் தீயணைப்புப் படைக்காரர்கள் கரியில் கோழி வாட்டித் தருவார்கள். மூக்கில் கரிப்புகையும் விரலில் கோழி எண்ணெயுமாக ஜனங்கள் மாலையில் திரும்புவார்கள். டெல்மர் அப்போது கரி அள்ளிப் போடுகிறவர். ஓட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஓர் அக்டோபரில், இலைகளின் நிறம் பார்க்க வந்த கூட்டத்தோடு போகும்போது சக்கர அச்சு ஒன்று சூடேறிக்கொண்டது. எண்ணெய் தீய்கிற வாசனையை டெல்மர் முதலில் தன் கற்பனை என்றே நினைத்தாராம். வழியில் சாலை இல்லாத இடம். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் பாறை. டீசல் எஞ்சின் வந்து இழுப்பதற்குள் மழையும் வந்துவிட்டது. குளிரில் மயங்கிய ஒரு வயதான அம்மாளை ஸ்ட்ரெச்சரில் வைத்து, ஒற்றை ரயில் பாதையின் ஓரமாக நான்கு பேர் தூக்கிப்போனார்கள். அதில் ஒருவர் டெல்மர். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார், அடுத்த வருடம் டிக்கெட்கூட வாங்கினார். டெல்மர்தான் அந்த ஸ்ட்ரெச்சரை இன்னும் கீழே வைக்கவில்லை.

கொட்டகையில் மஞ்சள் வட்டம் வந்தது அதற்குப் பிறகு. சங்கத்தில் யாராக இருந்தாலும், ஒரு பாகத்தில் குறை கண்டால் மஞ்சள் சாக்கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வட்டம் இருக்கிறவரை அந்தப் பாகம் எஞ்சினில் ஏறாது. போட்டவர்தான் அழிக்கலாம். தலைவரே ஆனாலும் வேறு கை படக்கூடாது. டெல்மர் முன்மொழிந்தார், எல்லாரும் கை தூக்கினார்கள். எத்தனையோ சங்கங்களில் எத்தனையோ விதிகள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் கொட்டகையில் இது ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை.

பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை கொதிகலனை முழுக்கப் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். டெல்மர் ஓட்டுநராகத் தேறிய வருடமே அந்தக் கெடு வந்தது. பயணிகளோடு ஒருமுறைகூட அவர் ஓட்டவில்லை. "ரெண்டு குளிர்காலம்தானே" என்று அவரே சொல்லித்தான் பிரிக்க ஆரம்பித்தார்கள். குழாய்களை எடுத்தார்கள். எடுத்ததுதான் எடுத்தோம், தகட்டையும் பார்ப்போம் என்றார்கள். தகட்டைப் பார்த்ததுதான் பார்த்தோம், சிலிண்டரையும். பிறகு எஞ்சினை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களையும் கழற்றினார்கள். கழற்றிய ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் வட்டம் பூத்தது. இரண்டு குளிர்காலம் பதினோரு வருடமாயிற்று. நான் சங்கத்தில் சேர்ந்தபோது எஞ்சின் தரையெங்கும் பரவிக் கிடந்தது, யாரோ பாதியில் விட்டுப்போன வாக்கியம் மாதிரி.

போன வருடம், பனி உருகுகிற பருவத்தில், ரோண்டா டில்மன் வந்தார். பாதைக் கம்பெனியின் மேற்பார்வையாளர். வண்டியிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்தார்.

"டெல்மர், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மேல இருக்கறவங்களுக்கு இந்தப் பாதை வெறும் இரும்பு. அக்டோபருக்குள்ள உங்க எஞ்சின் ஒரே ஒரு தடவை ஆளுங்கள ஏத்திக்கிட்டு மில்பரோ போயிட்டு வந்துட்டா, நான் போய்ப் பேசறதுக்கு வாயில ஏதாவது இருக்கும். இல்லேன்னா தண்டவாளத்தைப் பிடுங்கிடுவாங்க. சைக்கிள் பாதை வேணும்னு கவுண்டி நிர்வாகத்துக்காரங்க வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இந்த வருஷ அக்டோபரா?" என்றார் சங்கத் தலைவர் மார்லின் யூட்ஸ்.

"இந்த வருஷந்தான். உங்ககிட்ட வருஷத்தைச் சொல்லாம மாசத்தை மட்டும் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்யா."

எல்லாரும் சிரித்தார்கள். டெல்மர் மட்டும் ரோண்டாவின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "நான் ஓட்டுவேன்" என்றார். அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

வசந்தம் முழுக்க வேலை நடந்தது. ஆலையில் விடுப்பு எடுத்தார். கொதிகலனில் வெந்நீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிப் பரிசோதித்த நாளில், இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சுற்றி வந்தார். ஒரு கசிவுகூட இல்லை. மார்லின் டெல்மரின் தொப்பியைப் பிடுங்கி விட்டத்தை நோக்கி எறிந்தார். அது மேலேயே மாட்டிக்கொண்டது. இனிமேல் சக்கரத்தை மாட்டிப் பூட்டுவது மட்டும்தான் பாக்கி. கோடையிலேயே மில்பரோ என்று பேசிக்கொண்டார்கள். நோரீன் வாடகைக்குப் பெரிய காபிக் குடுவை விசாரிக்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை சக்கரங்களின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்தார்கள். டெல்மர் துணியால் அச்சின் எண்ணெயைத் துடைத்தார். பிறகு வெறும் விரலால் அதன் மேலே மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். நடு அச்சில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி நின்றது.

"கீறல் இருக்கு. நகம் மாட்டுது" என்றார்.

மார்லின் குனிந்து தடவினார். "எனக்கு மாட்டலையே."

"நீ நகத்தைக் கடிக்கிற ஆளு."

"டெல், அது முடி கனம்கூட இல்ல. மேல எண்ணெய் நிக்கும். பத்து மைல் வேகத்துல போவோம்யா. ஊர்ந்துக்கிட்டே போய், கோழியத் தின்னுட்டு, ஊர்ந்துக்கிட்டே வருவோம்."

"அன்னிக்கும் ஊர்ந்துதான் போனோம்."

டெல்மர் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து வட்டம் போட்டார். இவ்வளவு பெரிய அச்சைக் கடைகிற லேத் எங்கள் பக்கம் எங்கும் இல்லை. டென்னஸிக்கு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் அது தெரியும்.

"அழிச்சிடு டெல்" என்றார் மார்லின். குரல் இறங்கியிருந்தது. "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அக்டோபர் முடியட்டும். அப்புறம் நீயே திரும்பவும் போட்டுக்கோ, நாலு வட்டமா போட்டுக்கோ."

டெல்மரிடம் துணி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் பத்துப் பேர் நின்றோம். பத்துப் பேரில் யாராவது ஒருவர் உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்திருக்கலாம். வெறும் சாக்கட்டி.

அன்றைய சாப்பாட்டு மேசையில் நோரீன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீ ஒரு வட்டம் போட்டா அதுக்குள்ள ஒரு வருஷம் விழுந்துடுது. நம்ம பொண்ணு மோனா கல்யாணத்துக்கு மொத நாள் ஒண்ணு போட்டியே! அன்னிக்கு ராத்திரி விருந்துக்கு நீ வந்து சேர்றப்ப ஐஸ்கிரீம் தண்ணியாப் போயிருந்துது."

"கல்யாணத்துக்குச் சரியா வந்தேன்ல."

"வந்தே. காதுக்குள்ள கரியோட. போட்டோவுல தெரியுது."

"நோரீன், அது சூடாச்சுன்னா..."

"தெரியும்" என்றார் நோரீன். டெல்மரின் தட்டில் இன்னொரு துண்டு ஹாம் இறைச்சியை வைத்தார். "எனக்கு எல்லாம் தெரியும். சாப்பிடு."

சக்கரங்கள் லாரியில் ஏறிப் போயின. கோடை முடிவதற்குள் தருவதாகச் சொன்னார்கள். அங்கே அந்த அளவுக்குப் பெரிய லேத் ஒன்றுதான். எங்களுக்கு முன்னால் யார் யாருடைய சக்கரங்களோ வரிசையில் நின்றன. டெல்மர் ஆலையிலிருந்தே தொலைபேசியில் கூப்பிடுவார். "அடுத்த வாரம் சார்" என்று ஒரு தெற்கத்திக் குரல் மரியாதையாகச் சொல்லும். அந்த மரியாதையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் மரக்கட்டைகளின் மேல் கால் இல்லாமல் நின்றது. இருந்தாலும் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பித்தளையைத் துடைத்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார மட்டும் மாட்டார்.

அக்டோபர் வந்தது. ரோண்டா தன்னால் முடிந்த அளவு தள்ளிப்போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். மில்பரோ பக்கத்திலிருந்து பிடுங்கத் தொடங்கினார்கள். இயந்திரம் தண்டவாளத்தைத் தூக்கும்போது வருகிற ஓசை, ஆற்றின் மேல் வெகுதூரம் வந்தது. டெல்மர் வேலை முடிந்து அந்தப் பக்கம் போவார். போகும்போது வெறுங்கையோடு போக மாட்டார், பிடுங்குகிற பையன்களுக்குக் காபி கொண்டுபோவார்.

"எதுக்குய்யா அவனுங்களுக்குக் காபி?" என்றார் மார்லின்.

"குளிருது பாவம்."

மார்லின் அந்த வாரமே தலைவர் பதவியை விட்டார். கொட்டகைச் சாவியை டெல்மரின் கையில் கொடுத்து, "எனக்குக் கோபம் இல்ல டெல். கோபமா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். டெல்மர் அவருடைய சட்டையைப் பார்த்தார். எல்லாப் பொத்தான்களும் சரியாக இருந்தன போல, ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டகையும் அதன் முன்னால் இருந்த சிறிய துண்டுப் பாதையும் சங்கத்தின் சொந்தம். அதனால் அது மட்டும் தப்பியது. அதற்கு அப்பால் வெறும் ஜல்லி, ஆற்றின் வளைவோடு வளைந்து போயிற்று.

நவம்பரில் சக்கரங்கள் வந்தன. லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "யாருக்கப்பா இந்தக் கண்ணாடி? இதுல பாத்து நான் ஷேவே பண்ணிக்குவேன்" என்றார். உண்மையிலேயே கண்ணாடிதான். டெல்மர் நகத்தால் தடவினார். எங்கும் மாட்டவில்லை. அந்த மஞ்சள் வட்டத்தை யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. கடைந்து விழுந்த உலோகச் சுருளோடு அது எப்போதோ டென்னஸியின் ஏதோ ஒரு குப்பைத்தொட்டியில் விழுந்திருக்கும்.

குளிர்காலம் முழுக்க நாங்கள் நான்கைந்து பேர் பூட்டினோம். ஏன் பூட்டுகிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, டெல்மர் தீ மூட்டினார். கொதிகலன் நீண்ட பிரிவுக்குப் பிறகு தாயைப் பார்த்த குழந்தை மாதிரி முனகத் தொடங்கியது, மதியம் போல் அழுத்தம் ஏறியது. மார்லின் வரவில்லை. மோனா அரிசோனாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நோரீன் கைப்பேசியை எஞ்சினைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக டெல்மர் வலதுபக்க ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நீராவி ரெகுலேட்டரைத் திறந்தார். அறுபத்து மூன்று நகர்ந்தது. ஒரு தட்டல் இல்லை, ஓர் உரசல் இல்லை. இவ்வளவு அமைதியாக ஓர் எஞ்சின் ஓடி நான் கேட்டதில்லை. தண்டவாளம் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். பின்னால் எடுத்தார். மறுபடி முன்னால். பிறகு இறங்கி வந்து, ஒவ்வோர் அச்சுப் பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் நோரீன்.

"சில்லுன்னு இருக்கு." கையை எடுக்கவில்லை. "இந்தத் தூரத்துல எந்த அச்சும் சில்லுன்னுதான் இருக்கும். பழசும்."

ஜல்லிப் பாதையில் சைக்கிளில் வந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்று படமெடுத்தாள். "எவ்ளோ அழகா இருக்கு! இது எங்க போகுதுங்க?"

"அதோ, அந்தக் கல்லுக் குவியல் வரைக்கும்" என்றார் நோரீன்.

"அதுக்கப்புறம்?"

"திரும்பி வரும்."

ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு மில்பரோ பக்கம் மிதித்துக்கொண்டு போனாள். டெல்மர் படியேறிப் போய்த் தீயைப் பார்த்தார். இன்னும் நிறையக் கரி எரிந்துகொண்டிருந்தது. அது தீரும்வரை, அன்று பிற்பகல் முழுவதும், அவர் முன்னாலும் பின்னாலுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை முன்னால் கிளம்பும்போதும் விதிப்படி இரண்டு முறை விசில் ஊதினார்.