டிமிட்டியின் பின்னங்கால்

இங்கிலாந்தின் டெவனில் நான் வேலை பார்த்த மாளிகையின் கூடத்தில், வேட்டைநாய்களை நடத்திய ஏமோஸ் பெல்லோவின் எண்ணெய்ச் சித்திரம் தொங்குகிறது. காலடியில் டிமிட்டி என்ற கிழட்டுப் பெட்டை நாய்.

ஓட முடியாத நாய்களை வேட்டைப் பருவ முடிவில் ஏமோஸ்தான் சுட வேண்டும். முப்பது வருடமாகச் சுட்டவர். டிமிட்டியின் முறை வந்தபோது, இந்தச் சித்திரத்தை வரைய லண்டன் ஓவியர் ஒருவரை வரவழைத்திருந்த மாளிகைப் பிரபு, "படம் முடியட்டும், அப்புறம் சுடு" என்றார்.

அன்றிலிருந்து மூட்டுவலியோடு ஏமோஸ் தினமும் ஓவியர் முன்னால் நின்றார். படம் முடிந்தது என்று ஓவியர் சொன்னால் ஒரு குறை சொல்வார்.

"பூட்ஸ் என்னோடது மாதிரி இல்லீங்களே, ஐயா."

"நாலு தடவை மாத்தியாச்சுய்யா. கால் நடுங்குது உனக்கு. இன்னும் எத்தனை நாள் நிப்ப?"

"எத்தனை நாள் வேணும்னாலும் நிக்கிறேன். இன்னொரு நாயைச் சுட மட்டும் என்னால ஆகாதுங்க."

ஓவியர் நாயைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்து, படத்தில் ஈரம் காயாத அதன் பின்னங்கால் ஒன்றைத் துடைத்து அழித்தார். பிரபுவிடம், "இன்னும் முடியலைங்க, அடுத்த வருஷம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் போனவர் வரவேயில்லை.

டிமிட்டி மூன்று குளிர்காலம் ஏமோஸின் அடுப்பருகே படுத்துக் கிடந்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது.